வைகையின் வாய்: அழகன்குளம் துறைமுகம் எப்படி இயங்கியது, எங்கே போனது

அரசு அலுவலகங்களில் ஒரு பழைய மிரட்டல் உண்டு: “தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்.” அந்தக் காடு பெரும்பாலும் ராமநாதபுரம்தான். ஆண்டு முழுக்கப் பெய்வது 800 மில்லிமீட்டர் சொச்சம். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். மற்ற மாதங்களில் வானம் பார்த்த பூமி. இந்த மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், வைகை கடலைத் தொடும் இடத்தில், ரோமானியக் காசும் தமிழி எழுத்து கீறிய பானை ஓடும் ஒரே மேட்டில் கிடைக்கின்றன. அழகன்குளம் என்ற அந்த ஊரை எடுத்துக்கொண்டு ஆற்றுத் துறைமுகம் என்பது இங்கே என்ன பொருளில் இருந்தது, அது எப்படி வேலை செய்தது, ஏன் நின்றது, இன்று அந்த இடம் எதுவாக இருக்கிறது என்று பார்ப்பதே இந்த ஆய்வு.

கீழடிக்குப் பிறகு மேடைப்பேச்சிலும் சமூக ஊடகத்திலும் ஒரு வாக்கியம் அடிக்கடி வருகிறது: கடலில் வந்த சரக்கு படகில் ஏறி வைகை வழியாக மதுரைக்குப் போனது, மதுரை ஓர் உள்நாட்டுத் துறைமுகம். கேட்க நன்றாக இருக்கிறது. வைகையின் நீர்க்கணக்கையும் பாக் விரிகுடாவின் காற்றுக்கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அந்த வாக்கியம் நிற்பதில்லை. அதற்குப் பதிலாகக் கிடைக்கும் சித்திரம் இன்னும் சுவாரசியமானது.

இடம்

வைகை வருசநாட்டு மலையில் பிறந்து தேனி, மதுரை, மானாமதுரை, பரமக்குடி வழியாக 258 கிலோமீட்டர் ஓடி, ஆற்றங்கரை என்ற மீனவக் கிராமத்தருகே பாக் விரிகுடாவில் சேர்கிறது. சேர்கிறது என்பது வரைபடக் கணக்கு. நடப்பில் தண்ணீரின் கடைசிப் பங்கு ராமநாதபுரம் பெரிய கண்மாயில் போய் நின்றுவிடும். கண்மாய்கள் நிரம்பி மறுகால் பாயும் ஆண்டுகளில்தான் மிச்சம் கடலுக்குப் போகும். சிவனுக்கு நஞ்சு கொடுத்த கடலோடு சேரமாட்டேன் என்று வைகை விலகிக்கொண்டதாகப் பழைய வெண்பா ஒன்று காரணம் சொல்கிறது. கவிதைக்குள் ஒளிந்திருக்கும் நீரியல் உண்மை எளியது: வழியிலிருக்கும் கண்மாய்கள் ஆற்றைக் குடித்துவிடுகின்றன.

அழகன்குளம் ராமநாதபுரத்திலிருந்து கிழக்கே ஏறக்குறைய 16 கிலோமீட்டர். அகழாய்வு நடந்த மேட்டை ஊரார் கோட்டைமேடு என்கிறார்கள். கோட்டை எதுவும் கண்ணில் படாது. நூற்றாண்டுக் கணக்கில் மக்கள் குடியிருந்து, வீடு இடிந்து, அதன்மேல் வீடு கட்டி, குப்பை சேர்ந்து உயர்ந்த மண் அது. ஆற்றின் கரையிலும் இருக்கிறது, கடலலை நேரே அடிக்காத அளவுக்கு உள்ளேயும் தள்ளியிருக்கிறது. துறை அமைக்க இடம் தேடியவர்கள் இந்த இரண்டையும் பார்த்துத்தான் உட்கார்ந்திருக்க வேண்டும்.

மேடு தந்தவை

தமிழ்நாடு தொல்லியல் துறை இங்கே 1986–87இல் அகழாய்வைத் தொடங்கியது. 1990களில் பலமுறை தோண்டியது. பிறகு 2014–15இலும் 2016–17இலும் வந்தது. கறுப்பு-சிவப்புப் பானை, தமிழி எழுத்து கீறிய ஓடுகள், வடபுலத்துக் கறுப்புப் பளபளப்புப் பானையின் துண்டுகள், ரௌலட்டட் ஓடுகள், மணிகள், சங்கு வளையல் துண்டுகள், ரோமானியச் செப்புக் காசுகள். காசுகளில் இரண்டாம் வாலண்டினியன் (கி.பி. 375–392), தியோடோசியஸ் (379–395), ஆர்க்கேடியஸ் (383–408) பெயர்கள் உண்டு. ரௌலட்டட் பானை இந்தியத் துறைகளில் புழங்கியதோ கிறிஸ்துவுக்குச் சற்று முன்னும் பின்னுமான சில நூற்றாண்டுகளில். ஆக, இது ஒரு தலைமுறைச் சந்தையாக எழுந்து அடங்கிய இடம் இல்லை. பல நூற்றாண்டு புழங்கியிருக்கிறது.

ரௌலட்டட் ஓட்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் மறக்காது. நேர்த்தியாக அரைத்த களிமண், மணல்பொருக்கு விரலில் தட்டாது. சாம்பலும் கருப்பும் கலந்த நிறம். நகத்தால் சுண்டினால் மண் சத்தம் வராது, கணீரென்று வரும். தட்டின் உள்பக்க அடியில் வட்டம் வட்டமாகப் புள்ளிப் பட்டைகள் ஓடும். ஒவ்வொரு புள்ளியும் எள்ளை விடச் சிறியது. சக்கரம் சுழலும்போது வளைந்துகொடுக்கும் தகடொன்றை ஈரம் காய்ந்த தட்டின்மேல் பிடித்தால் அது துள்ளித் துள்ளிக் குத்தும். அந்தத் துள்ளல்தான் வரிசையாகப் பதிகிறது என்பது ஒரு விளக்கம். பல்சக்கரத்தை உருட்டியதால் வந்தது என்பது இன்னொன்று, பெயரே அதிலிருந்து வந்ததுதான்.

இந்த ஓட்டின் கதையில் ஒரு பாடமும் இருக்கிறது. 1945இல் அரிக்கமேட்டைத் தோண்டிய மார்ட்டிமர் வீலர் இதை மத்தியதரைக் கடல் பக்கத்துச் சரக்கு என்று எடுத்துக்கொண்டார். பிறகு களிமண்ணின் கனிமச் சேர்க்கையைச் சோதித்தபோது இது இந்தியத் துணைக்கண்டத்திலேயே வனைந்தது என்று தெரியவந்தது. அதனால் ‘ரௌலட்டட் கிடைத்தது, எனவே ரோமானியர் வந்தனர்’ என்று இன்றும் எழுதுவது எண்பது ஆண்டு பழைய பிழை. ரௌலட்டட் காட்டுவது வங்காள விரிகுடாக் கரையோரத்தின் உள்நாட்டுப் போக்குவரத்தை. ரோமைக் காட்ட வேண்டியது ஆம்போரா என்ற இரட்டைக் கைப்பிடிச் சாடியும் காசும். அதிலும் ஆம்போரா என்று முதலில் பதிவான இந்தியத் துறைகளின் சாடித் துண்டுகள் சில, பாரசீக வளைகுடாப் பக்கத்து நீள்சாடிகள் என்று பின்னால் மாற்றி எழுதப்பட்டிருக்கின்றன. கைப்பிடி இல்லாமல், உள்ளே தார் பூசியிருந்தால் அதைச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.

அழகன்குளத்தை எல்லோருக்கும் தெரியவைத்தது கப்பல் கீறிய ஓடு. மூன்று பாய்மரம் கொண்ட பெரிய கப்பல். கிரேக்க-ரோமானியப் பெருங்கடல் கப்பலின் சாயல் என்று பழங்காலக் கப்பல்களை ஆய்ந்த அறிஞர் லயனல் காசன் கருதினார். ஓடு உண்மை, சாயலும் உண்மை. ‘அப்படியானால் அந்தக் கப்பல் இங்கே நங்கூரம் போட்டது’ என்ற அடுத்த வாக்கியத்தில்தான் நிதானம் வேண்டும். ஒருவர் முசிறியிலோ வேறெங்கோ பார்த்ததை இங்கே வந்து கீறியிருக்கலாம். மன்னார் வளைகுடாவுக்கும் பாக் விரிகுடாவுக்கும் நடுவே சேதுத் திட்டுகள் கிடக்கின்றன. பல இடங்களில் ஆழம் ஓர் ஆள் மட்டம்கூட இல்லை. நூறு டன் சுமக்கும் மரக்கப்பலுக்கு இரண்டரை, மூன்று மீட்டர் தண்ணீராவது வேண்டும். மேற்கிலிருந்து வந்த பெருங்கப்பல் இந்த வழியில் நுழைந்திருக்க வாய்ப்பு குறைவு. சரக்கு கை மாறி, கரையோரம் ஓடும் சிறு கலங்களில் வந்தது என்பதே பொருந்துகிறது.

இந்தத் துறைக்குச் சங்க காலத்தில் என்ன பெயர் என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை. சாலியூர் என்பர் சிலர், மருங்கூர்ப்பட்டினம் என்பர் சிலர். பெயர்ப்பலகையில் இரண்டில் ஒன்றை உறுதியாக எழுதுவது அவசரம்.

ஆறு ஓடும் மாதமும் துறை ஓடும் மாதமும்

ராமநாதபுரம் மீனவர்களுக்கு இரண்டு கடல். மன்னார் வளைகுடா தென்கடல், பாக் விரிகுடா வடகடல். தனுஷ்கோடிப் பக்கம் தென்கடலை ஆண்கடல் என்றும் வடகடலைப் பெண்கடல் என்றும் சொல்வார்கள். ஆனால் இந்தக் குணமும் பருவத்தோடு மாறும். சித்திரை கடந்து தென்மேற்குக் காற்று எழும்போது தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளம்போல் கிடக்கும். ஐப்பசி பிறந்து வாடை அடிக்கத் தொடங்கினால் நிலைமை தலைகீழ்: வடகடலில் அலை எழும், புயல் சின்னமும் அப்போதுதான் வரும். 1964 டிசம்பர் 22–23 இரவில் தனுஷ்கோடியை அழித்த புயலும் இந்தப் பருவத்துப் புயல்தான்.

இப்போது வைகையை இதன்மேல் வைத்துப் பாருங்கள். வைகையில் கீழ்ப்பகுதி வரை வெள்ளம் வருவது ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில். துறை வேலை செய்ய முடியாத மாதங்களும் அவையே. வடகடல் அமைதியாக, கலங்கள் வரத் தோதாக இருக்கும் மாசி முதல் ஆவணி வரை வைகை மணலாகக் கிடக்கும். ஆறு ஓடும்போது துறை மூடியிருக்கிறது. துறை திறந்திருக்கும்போது ஆறு ஓடுவதில்லை. இரண்டும் சந்திக்கும் நாட்கள் தை மாதத்தில் சில வாரங்கள், அதுவும் நல்ல மழை ஆண்டில். அந்த வாரங்களிலும் வெள்ளம் வடியும் ஆற்றில் மணல்திட்டு தட்டாமல் நீரோட்டத்தை எதிர்த்து 130 கிலோமீட்டர் சரக்குப் படகு ஏற்றுவது நடக்கிற காரியமில்லை. முல்லைப்பெரியாறு அணை (1895) பெரியாற்றுத் தண்ணீரை வைகைப் பக்கம் திருப்பிய பிறகுகூடக் கீழ் வைகை ஆண்டு முழுக்க ஓடவில்லை. அதற்கு முன்னால் நிலைமை இதைவிட நன்றாக இருந்திருக்கக் காரணமில்லை.

கடைசிச் சில கிலோமீட்டர் வேறு கதை. கடல்நீர் ஏறி இறங்கும் கழிமுகத்தில் வத்தை, வல்லம் போன்ற சிறு படகுகள் மாதம் பார்க்காமல் ஓடும். கலம் கரையிலிருந்து தள்ளி நங்கூரம் போடும். தட்டையடிப் படகுகள் போய்ச் சரக்கை வாங்கி, ஓதம், அதாவது கடலின் ஏற்றம், வரும் நேரத்தில் கழிக்குள் நுழைந்து மேட்டின் பக்கம் இறக்கும். ‘ஆற்றுத் துறைமுகம்’ என்ற சொல் அழகன்குளத்துக்குப் பொருந்துவது இந்த நீளத்துக்கு மட்டும். அதற்கு மேலே மதுரை வரை மாட்டுவண்டிதான்.

வண்டிக் கணக்கு

இதை எண்ணில் போட்டுப் பார்க்கலாம். கரையோரக் கலங்கள் சில சேர்ந்து 100 டன் சரக்கு இறக்கின என்று வைத்துக்கொள்வோம். இரட்டை மாட்டு வண்டிக்கு அரை டன். ஆக 200 வண்டி, 400 மாடு. பாதை நன்றாக இருந்தால் ஒரு நாளைக்கு 20, 25 கிலோமீட்டர். மதுரை போய்ச்சேர ஐந்தாறு நாள். சுமை இழுக்கும் மாடு வெயில் காலத்தில் ஒரு நாளைக்கு 35 லிட்டராவது குடிக்கும். 400 மாட்டுக்கு 14,000 லிட்டர். இன்று தெருவில் வரும் 12,000 லிட்டர் லாரி ஒன்று முழுசாகக் காலியாகி, அதற்குமேலும் வேண்டும். ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு தங்கலிலும்.

தண்ணீர் இல்லாத காட்டில் இது எங்கிருந்து வரும்? வைகை மணலுக்கு அடியிலிருந்து. மேலே வறண்டு கிடக்கும் ஆற்றில் ஊற்றுத் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். கோடையில் இந்த மாவட்டத்துப் பெண்கள் குடத்தோடு ஆற்று மணலில் உட்கார்ந்திருக்கும் காட்சி யாருக்கும் புதிதல்ல. ஊற்றை அகலமாகத் தோண்டி, மணல் சரியாமல் ஓலையோ கூடையோ இறக்கிவைத்தால் மாட்டுக்கும் எடுக்கலாம். வணிகச் சாத்து, அதாவது வண்டிக் கூட்டம், ஆற்றங்கரையைப் பிடித்துக்கொண்டு போனதற்குக் காரணம் படகு இல்லை, இந்த ஊற்று. வைகைப் படுகையில் இந்தியத் தொல்லியல் துறை 2013–14இல் நடத்திய கள ஆய்வு ஆற்றின் இரு பக்கத்திலும் 293 இடங்களைப் பதிவு செய்தது. கீழடி அதில் ஒன்று. ஊர்கள் இப்படி வரிசையாக அமைந்ததே ஒரு பாதைக்குப் போதுமான தங்கல்களைத் தந்துவிடுகிறது.

உப்பு வணிகர்களான உமணர் வண்டியின் அடிமரத்தில் உபரியாக ஓர் அச்சைக் கட்டிக்கொண்டு போவதைப் புறநானூறு சொல்கிறது. ‘சேம அச்சு’ என்று அதற்குப் பெயர். இன்றைய ஸ்டெப்னி டயர்தான். நடுவழியில் அச்சு முறிந்தால் சரக்கும் மாடும் வெயிலில் நிற்க வேண்டும் என்பதால் வந்த முன்யோசனை. கடற்கரைக்கும் உள்நாட்டுக்கும் நடந்த போக்குவரத்தின் பொருள் அடையாளம் ஒன்றைக் கேட்டால், கப்பலுக்குச் சமமாக இந்த அச்சைச் சொல்லலாம்.

அடைபட்ட வாய்

ஆற்றின் முகத்துவாரம் தானாகத் திறந்திருக்காது. கரையோர நீரோட்டமும் அலையும் மணலைக் கொண்டுவந்து வாயில் போட்டுக்கொண்டே இருக்கும். ஆண்டுக்கொரு முறை வரும் வெள்ளம் அந்தத் திட்டை உடைத்துக்கொண்டு வெளியேறி, கழியின் அடியிலிருக்கும் வண்டலையும் வாரிக்கொண்டு போகும். இந்தக் கழுவல் வலுவிழந்தால் நடப்பது வரிசையாகத் தெரியும்: முதலில் வாய் குறுகும், பிறகு ஓதம் உள்ளே ஏறும் அளவு குறையும், ஓதம் குறைந்தால் கழி தூரும், கழி தூர்ந்தால் படகு மேடு வரை வராது.

கழுவலை வலுவிழக்கச் செய்தது எது? எங்கள் தீர்ப்பு, மேலே பெருகிய கண்மாய்ப் பாசனம். ஒவ்வொரு கண்மாயும் வெள்ளத்தின் முகட்டை வெட்டி எடுத்துக்கொள்கிறது. வாயைத் திறக்கப் பயன்படுவது அந்த முகடுதான். சோறு வந்தது, துறை போனது. இது கெட்ட பேரம் என்று யாரும் சொல்ல முடியாது. 1959இல் வைகை அணை வந்த பிறகு பழைய பாசனத்துக்கு ராமநாதபுரம் 7, சிவகங்கை 3, மதுரை 2 என்று பங்கு வைத்துத் திறக்கிறார்கள். அதில் ‘கடல்’ என்று ஒரு பங்கு இல்லை. வாங்கக் கடலுக்கு விவசாயிகள் சங்கமும் இல்லை.

ரோமானிய வணிகம் தேய்ந்ததும் சேர்ந்தே நடந்திருக்கும். ஆனால் அதை மட்டும் காரணமாக்கினால், அடுத்து வந்த அரபு, சீன வணிகம் ஏன் அழகன்குளத்துக்குத் திரும்பவில்லை என்பதற்குப் பதில் இருக்காது.

தெற்கே போன துறை

அந்த வணிகம் ராமநாதபுரத்தை விட்டுப் போகவில்லை, கடலை மாற்றிக்கொண்டது. மன்னார் வளைகுடாக் கரையில் இருக்கும் பெரியபட்டினத்தில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1980களின் பிற்பகுதியில் எ. சுப்பராயலு, ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமா ஆகியோர் ஈடுபாட்டோடு ஆய்வு நடத்தியபோது 13, 14ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. பச்சையும் சாம்பலும் கலந்த கண்ணாடிப் பூச்சு கொண்ட செலடான் ஓட்டை எவரும் உள்ளூர்ப் பானையோடு குழப்பிக்கொள்ள முடியாது. அறுநூறு எழுநூறு ஆண்டு மண்ணில் கிடந்தும் கழுவினால் பளபளக்கும்.

இந்தக் கரைக்கு ஆறு தேவைப்படவில்லை. கீழக்கரை, பெரியபட்டினம் எதிரே வாழைத்தீவு, தலையாரித்தீவு, அப்பாத்தீவு, முள்ளித்தீவு என்று பவளத்தீவுகள் வரிசையாக நின்று அலையைத் தாங்குகின்றன. பவளத்திட்டு தூராது, வெள்ளம் வந்து கழுவ வேண்டியதில்லை. ஆபத்து வேறு விதம்: வழி தெரியாமல் இடைவெளியை விட்டு விலகினால் அடிப்பலகை கிழியும். அதனால் இங்கே ஆழத்தைவிட உள்ளூர் மாலுமிக்கு மதிப்பு. முத்தும் சங்கும் அதே கடலில் கிடைத்தன; சரக்கு வண்டியில் வரக் காத்திருக்க வேண்டாம். 17ஆம் நூற்றாண்டில் கீழக்கரை மரக்காயர் வணிகம் சேதுபதிகளோடு கைகோத்து வளர்ந்ததையும், வள்ளல் சீதக்காதி பெயர் இன்றும் ஊரில் புழங்குவதையும் இங்கே விரிக்கத் தேவையில்லை. வடக்கே தொண்டியும் தேவிபட்டினமும் சிறு அளவில் தொடர்ந்தன.

பிறகு பாம்பன். 1914இல் ரயில் பாலம் திறந்தது. அதே ஆண்டு தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடத் தொடங்கியது. சென்னையில் எடுத்த ஒரே டிக்கெட்டில் கொழும்பு போகலாம். வண்டி, படகு, மீண்டும் வண்டி என்ற அழகன்குளத்து ஏற்பாடு ரயில், கப்பல், ரயில் என்று மாறியது, அவ்வளவுதான். 1964 புயல் அதை அறுத்தது. சேதமான பாலத்தை ரயில்வே பொறியாளர் இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் சரிசெய்தார்கள், தனுஷ்கோடிதான் திரும்பவில்லை. 2025 ஏப்ரல் 6இல் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதி அப்படியே செங்குத்தாக மேலே ஏறுகிறது. பழையது இரண்டு கையாகப் பிளந்து திறக்கும். அதைக் காண ஆட்கள் சாலைப் பாலத்தில் வண்டியை நிறுத்திவிட்டு நின்ற கூட்டத்தை ஊரே அறியும்.

மேட்டைக் கெடுக்கும் வேலைகள்

அழகன்குளம் போன்ற இடத்தில் இப்போது நடக்கும் சேதம் பெரும்பாலும் கெட்ட எண்ணத்தால் வருவதில்லை. வீட்டுக்கு அஸ்திவாரம், கழிப்பறைக் குழி, இறால் பண்ணைக்குக் கரை, தென்னைக்குக் குழி. ஜேசிபி ஒரு மணி நேரத்தில் அள்ளும் மண்ணை அகழாய்வில் ஒரு பருவம் முழுக்க எடுப்பார்கள். அங்கே 5 மீட்டர் சதுரத்துக்குக் கயிறு கட்டி, சதுரங்களுக்கு நடுவே மண்சுவரை விட்டு, நிறம் மாறும் ஒவ்வோர் அடுக்கையும் தனியாக எடுத்து, மனிதத் தடயமே இல்லாத கன்னிமண் வரும்வரை இறங்குவார்கள். நடுவே விட்ட அந்தச் சுவர்தான் ஆதாரம். எந்த ஓடு எந்த அடுக்கில் கிடந்தது என்று அதில் படிக்கலாம். இயந்திரம் தோண்டிய குழியில் தியோடோசியஸ் காசும் பிளாஸ்டிக் வாளிக் கைப்பிடியும் ஒரே குவியலில் வரும்; அந்தக் காசு அதோடு வெறும் செம்பு.

குழி வெட்ட வேண்டியிருந்தால் முதல் வேலை, நிலத்தின் புல எண்ணை எடுத்து, புலப்பட நகலோடு மேட்டின் எல்லைக்குள் வருகிறதா என்று பார்ப்பது. கிராம நிர்வாக அலுவலரிடமே தொடங்கலாம். எல்லைக்கு வெளியே இருந்தாலும் சாம்பல் படர்ந்த கருமண்ணும் ஓடும் சேர்ந்து வந்தால் அங்கே நிறுத்துவதே சரி. மண்ணுக்கு அடியில் கிடைக்கும், பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம்.

வயலில் ஓடு கிடப்பதால் மட்டும் அங்கே பழைய ஊர் இருந்தது என்று எழுதிவிடக் கூடாது. இந்த மாவட்டத்தில் கண்மாய் வண்டலை எடுத்து வயலில் கொட்டுவது காலங்காலமாக நடக்கிறது. கண்மாய்க்குள் கிடந்த ஓடு வண்டலோடு ஏறி மூன்று கிலோமீட்டர் தள்ளி இறங்கும். கண்டுபிடிக்க வழி உண்டு: விளிம்புகள் கூழாங்கல்போல் மழுங்கியிருக்கும், மேல்மண் ஒரு சாண் ஆழத்தோடு நின்றுவிடும், கீழே தோண்டினால் சுத்தமான களிமண். உண்மையான குடியிருப்பு மண்ணில் ஓட்டின் விளிம்பு கூராக இருக்கும், கரியும் எலும்பும் சங்குத் துண்டும் கூடவே வரும்.

மேற்பரப்பில் பார்த்ததை எடுக்காமல், பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்துப் படமெடுத்து, கைபேசியில் இடக்குறியீட்டைப் பதிந்தால் போதும். ஏற்கெனவே பெயர்ந்து வந்துவிட்ட ஓடு என்றால் இரும்பு பிரஷ் ஆகாது. கடற்கரை ஓட்டுக்குள் உப்பு ஏறியிருக்கும். கழுவி வெயிலில் வைத்தால் உப்பு படிகமாகி மேல்தோலைச் செதில் செதிலாக உரிக்கும், எழுத்தும் அதோடு போகும். நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, தினமும் தண்ணீரை மாற்றி, உப்பு இறங்கிய பிறகு நிழலில் உலர்த்த வேண்டும். கீறல் எழுத்தா, மண்வெட்டி பட்டதா என்று சந்தேகம் வந்தால் கோட்டின் அடிப்பக்க நிறத்தைப் பாருங்கள்: பழைய கீறலில் மண்கறை ஊறியிருக்கும், புதுக் கீறல் வெளுத்துத் தெரியும்.

காசுக்குப் புளி போட்டுத் தேய்ப்பதுதான் இருப்பதிலேயே பெரிய கொடுமை. இந்தப் பிற்கால ரோமானியக் காசு இன்றைய ஒரு ரூபாயைவிடச் சிறியது, எடை இரண்டு கிராம் பக்கம். எழுத்தும் முகமும் நிற்பது மேலே படிந்த அந்தப் பச்சைத் தோலில்தான். குத்துவிளக்கைப்போல் புளியும் எலுமிச்சையும் போட்டால் தோல் கரைந்து, பளபளவென்று மொட்டையான செப்புத் தகடு மிஞ்சும். தேய்க்காமல் விட்டாலும் மேலே வெளிர்பச்சைப் பொடி பூத்தால் உப்பு தின்கிறது என்று பொருள். ஈரம்படாத காகித உறையில் போட்டு ஒப்படைத்துவிட வேண்டும்.

ஆய்வாளர்கள் பக்கமும் ஒரு கண்ணி இருக்கிறது. கடற்கரை மேட்டில் சங்கும் சிப்பியும்தான் அதிகம் கிடைக்கும் என்பதால் அதையே கரிமக் காலக்கணிப்புக்கு அனுப்பத் தோன்றும். கடல்நீரில் பழைய கரி கரைந்திருப்பதால் சிப்பியின் வயது ஏறக்குறைய 400 ஆண்டு கூடுதலாகக் காட்டும். திருத்தாமல் செய்திக்குக் கொடுத்தால் ஊருக்கு நாலு நூற்றாண்டுப் பெருமை இலவசம். அடுப்புக் கரியோ தானியமோ அனுப்புவது நல்லது. உத்தரக்கட்டையின் கரியும் ஏமாற்றும், மரத்தின் வயது அதில் கூடியிருக்கும்.

இப்போதைய ஊர்

இன்று அழகன்குளத்தைச் சுற்றி நாட்டுப்படகு மீன்பிடி, தென்னை, வெளிநாட்டுச் சம்பளம். பக்கத்து உச்சிப்புளியில் கடற்படையின் விமானத் தளமான ஐ.என்.எஸ். பருந்து. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு நிற்கும், நாட்டுப்படகு போகும். ராமேஸ்வரத்துக்குப் போகும் யாத்திரை பஸ் இந்தத் திருப்பத்தில் வேகத்தைக் குறைப்பதுகூட இல்லை. மாவட்டத்துக்கு வெளியே ராமநாதபுரம் என்றால் கோயில், பாலம், அப்புறம் 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய குண்டு மிளகாய்.

பாண்டியர் கடல் வணிகத்தைச் சொல்ல ராமநாதபுரத்தில் நாவாய் அருங்காட்சியகம் அமையும் என்று மாநில அரசு 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்திருக்கிறது. கீழடியில் 2023இல் திறந்த அருங்காட்சியகத்துக்கு வரும் கூட்டத்தைப் பார்த்தால் இதற்கும் ஆள் வரும். கண்ணாடிப் பெட்டிக்குள் என்ன வைப்பது என்பதில்தான் யோசனை வேண்டும். அழகன்குளத்தை மட்டும் தனியாகக் காட்டினால் அது தொலைந்துபோன நகரமாக, சோகக் கதையாக முடியும். அழகன்குளம், பெரியபட்டினம், கீழக்கரை, பாம்பன் நான்கையும் ஒரே சுவரில், வடகடல்-தென்கடல் காற்று மாதங்களோடு வரைந்தால், ஒரே துறை இரண்டாயிரம் ஆண்டாக இடம் மாறிக்கொண்டு வந்தது பள்ளிப் பிள்ளைக்கும் புரியும். காற்று மாதங்களைச் சொல்ல நிபுணர் வேண்டாம். ஆற்றங்கரை மீனவரைக் கேட்டால் போதும்.

நுழைவாயிலில் கப்பல் கீறிய ஓட்டின் பெரிய படம் வரும் என்பதில் சந்தேகமில்லை. அதன் பக்கத்தில் ஒரு மாட்டுவண்டியை நிறுத்தலாம். அடிமரத்தில் சேம அச்சைக் கட்ட மறக்கக் கூடாது.